ஸ்விட்ச் எங்கே

தண்ணீர் வடிவதற்கென்று
அடியில் ஐந்து துளைகள் இருந்ததால்தான்
அந்தச் சோப்பு டப்பாவை எடுத்தேன்.
காற்றுக்கும் வழி வேண்டுமே.

லஜ்பத் ராய் மார்க்கெட்டில்
பேரம் பேசி வாங்கிய சென்சார்
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.
உள்ளே ஒரு லேசர், ஒரு குட்டி விசிறி,
தூசியை எண்ணிக்கொண்டே இருக்கும் பொறுமை.
மயூர் விஹார், மூன்றாம் மாடி,
சப்பாத்திக் கல்லுக்குப் பக்கத்தில் சால்டரிங் இரும்பு.
ஈயப்புகையை வாயால் ஊதித் தள்ளியபடி
டெல்லிக் காற்றின் சுத்தத்தை
அளக்கக் கிளம்பியவள் நான்.

தீபாவளிக்கு மறுநாள் காலை
614 என்றது.
எங்கோ தப்பாகப் பற்றவைத்துவிட்டேன் என்று
எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் சேர்த்தேன்.
631 என்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் கூடுவோம்.
பல் டாக்டர் ஷகுஃப்தாவின் மானி ஊறுகாய் பாட்டிலில்,
தேவிந்தருடையது பழைய மோடத்தின் ஓட்டில்.
நடுவில் ஒற்றை ஊதுபத்தி கொளுத்தி
யாருடையது முதலில் எகிறுகிறது என்று பந்தயம்.
தோற்றவர் சமோசா வாங்க வேண்டும்.
ஐந்து டப்பா, ஐந்து எண்.
எது நிஜம் என்று இருட்டும்வரை சண்டை.
சண்டைக்காகவே போனோம் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு கீழ்வீட்டு மிஸஸ் பத்ரா வந்தார்,
பேரனின் இழுப்பு மருந்தைக் கையில் பிடித்தபடி.
எனக்கும் ஒன்று செய்து கொடு.
செய்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார்:
ஸ்விட்ச் எங்கே?

அதுவரை நான்
இரண்டு வயர்களை விரலால் சேர்த்துத்தான்
உயிர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
ஸ்விட்ச் என்ற ஒன்று
நினைவுக்கே வந்ததில்லை.

ஸ்விட்ச் வைத்தேன்.
எண்ணெல்லாம் எனக்கெதற்கு,
நல்லதா கெட்டதா சொன்னால் போதும் என்றார்.
பச்சையும் சிவப்புமாய் இரண்டு விளக்கு வைத்தேன்.
சிவப்பு பயமாக இருக்கிறது என்றார்.
ஆரஞ்சு ஆக்கினேன்.
சுவர் வெள்ளையாயிற்றே, இதென்ன பச்சை டப்பா?
தேவிந்தர் அப்போது பக்கத்தில்தான் இருந்தான்,
சமோசாவை விட்டுவிட்டு
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் குளிர்காலத்தில்
நொய்டாவிலிருந்து வந்து இறங்கியது:
வெள்ளை, முனை மழுங்கியது, இடுப்பு உயரம்.
அளப்பதோடு வடிகட்டவும் செய்யும்.
எண் இருந்த இடத்தில்
ஒரு சிரித்த முகம்.
பன்னிரண்டு தவணை.
எங்கள் பிளாக்கில் மட்டும் நாற்பது வீடு.

ஒரு ஜனவரி இரவு
மிஸஸ் பத்ரா வீட்டில் அந்த முகம் அணைந்துபோனது.
கம்பெனியில் போனை எடுக்கவில்லை, நீ வா.
திருகாணியைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை.
வெண்ணெய்க் கத்தியை இடுக்கில் விட்டு
மூச்சைப் பிடித்து நெம்பினேன்.
உள்ளே,
பூனைமுடி மூடிக் கிடந்தது
அதே சாம்பல்நிறச் சென்சார்,
அதே குட்டி விசிறி.
வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்ட
கூடப் படித்தவளைப்
பார்த்தது போலிருந்தது.

பழைய பெயின்ட் பிரஷால் துடைத்தேன்.
ஒருமுறை இருமிவிட்டு
சுற்ற ஆரம்பித்தது.
சிரிப்பும் வந்தது.
மூடும்போது பிளாஸ்டிக் காது ஒன்று உடைந்ததை
நான் சொல்லவில்லை.
வாரன்ட்டி போயிருக்குமோ என்றார்.
போயிருக்கும் என்றேன்.

என் வீட்டிலும் ஒன்று நிற்கிறது,
ஏன் மறைக்க வேண்டும்,
அதன் இரைச்சல் இல்லாமல்
இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை.

சோப்பு டப்பா பால்கனியில்.
அதற்கு மட்டும் ஸ்விட்ச் வைக்கவே இல்லை.
பங்குனி வெயிலில் நேற்று
விரலால் வயர்களைச் சேர்த்தேன்: 143.
நான்கு துளைகளில்தான் காற்று போகிறது.
ஐந்தாவதில்
ஒரு குளவி
மண் பூசத் தொடங்கியிருக்கிறது.